நாடியைப் படித்த டாக்டர்

இங்கிலாந்தின் வடபகுதியில் பர்ன்லி என்று ஓர் ஊர். பஞ்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே 1879-ம் ஆண்டில் ஓர் இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் ஜேம்ஸ் மெக்கன்சி. வயது 26.

ஸ்காட்லாந்தில் ஒரு விவசாயியின் மகனாக, 1853-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி அவர் பிறந்தார். நெட்டுருப் போட்டுப் படிப்பது அவருக்குப் பிடிக்காது. சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு மருந்துக் கடையில் வேலை பழகினார். பிறகு எடின்பரோ சர்வகலாசாலையில் சேர்ந்து, 1878-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

உள்ளத்தைச் சுட்ட மரணம்

பர்ன்லிக்கு வந்த புதிதில் ஒரு கர்ப்பிணிப் பெண் அவரிடம் சிகிச்சை பெற்றாள். அவளுக்கு இருதய நோய் இருந்தது. பிரசவ வேதனையின்போது இருதயம் தாங்கவில்லை. அவர் கண்ணெதிரே அவள் இறந்துபோனாள்.

மெக்கன்சிக்குத் தூக்கம் போயிற்று. எந்த இருதயம் பாரத்தைத் தாங்கும், எந்த இருதயம் தாங்காது என்று முன்கூட்டியே அறிய முடியாதா? புத்தகங்களைப் புரட்டினார். விடை கிடைக்கவில்லை. அப்படியானால் நோயாளிகளிடமே விடையைத் தேடுவது என்று தீர்மானித்தார்.

பகலெல்லாம் வைத்தியம், மற்ற நேரத்தில் ஆராய்ச்சி. மணிக்கட்டில் ஓடும் நாடியையும், கழுத்து ரத்தக் குழாயின் துடிப்பையும் ஒரே சமயத்தில் காகிதத்தில் கோடுகளாக வரையும் கருவி ஒன்றை அமைத்தார். பக்கத்து ஊரான பாடிஹமில் இருந்த கடிகாரத் தொழிலாளி ஒருவர் அதைச் செம்மைப்படுத்த உதவினார்.

மறைந்துபோன அலை

இருதயத்தில் நான்கு அறைகள் உண்டு. மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறைகள் சுருங்கிக் கீழறைகளுக்கு ரத்தத்தைத் தள்ளும். கீழறைகள் அதை உடம்புக்கும் நுரையீரலுக்கும் அனுப்பும். மேலறை சுருங்கும்போதெல்லாம் மெக்கன்சியின் காகிதத்தில், கழுத்துக் கோட்டில் ஒரு சிறு அலை எழும்.

வாதக் காய்ச்சலால் இருதய வால்வு சுருங்கிப்போன ஒரு பெண்ணை, 1880 முதல் அவர் பார்த்து வந்தார். 1898-ல் அவள் நாடி திடீரென்று தாறுமாறாக ஓடத் தொடங்கியது. கோட்டை வரைந்து பார்த்தார். மேலறையின் அலையைக் காணோம்!

மேலறை செயலற்றுப் போய்விட்டது என்று முதலில் எண்ணினார். ஆனால் உண்மை வேறு. அவருடைய தூண்டுதலால் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட தாமஸ் லூயிஸ் என்ற இளம் டாக்டர், மின்சாரக் கருவியின் உதவியால் 1909-ல் விடை கண்டார். மேலறை நிற்கவில்லை, சுருங்கவும் இல்லை, வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த நோய்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.

இதில் மேலறை நிமிஷத்துக்கு 300 முறைக்கும் அதிகமாக நடுங்கும். ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாக உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். வாதக் காய்ச்சல் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. ரத்தக் கொதிப்பு, முதுமை, தைராய்டு கோளாறு, அளவு மீறிய குடி ஆகியவையும் காரணங்களே.

டிஜிடாலிஸ் என்னும் பழைய பச்சிலை மருந்து, இப்படித் தறிகெட்டு ஓடும் நாடியை நிதானப்படுத்தும் என்பதை மெக்கன்சி எடுத்துக் காட்டினார்.

புகழும் ஒரு பிழையும்

1907-ல் அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். லண்டன் ஆஸ்பத்திரியின் இருதயப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. 1915-ல் சர் பட்டம் கிடைத்தது. ஆனால் அவரையே மார்வலி வாட்டியது. 1925 ஜனவரி 26-ந் தேதி காலமானார். அவர் விருப்பப்படியே அவருடைய இருதயத்தை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் சுருங்கியிருந்தன.

பெரியவர்களும் தவறுவது உண்டு. இருதயத்தின் தசைதான் முக்கியம், வால்வு அவ்வளவு முக்கியம் அல்ல என்பது மெக்கன்சியின் போதனை. அவர் இறந்த அதே 1925-ல், அதே லண்டன் ஆஸ்பத்திரியில், ஹென்றி சூட்டார் என்ற ரண சிகிச்சை நிபுணர் ஓர் இளம் பெண்ணின் இருதயத்துக்குள் விரலை விட்டு வால்வைச் சரிசெய்ய முயன்றார். அவள் பிழைத்தாள். ஆனாலும் அடுத்த நோயாளியை எவரும் அவரிடம் அனுப்பவில்லை. மெக்கன்சியின் போதனை அவ்வளவு தூரம் வேரூன்றியிருந்தது. 1948-ல்தான் அந்தச் சிகிச்சை மீண்டும் தலையெடுத்தது.

கத்தி போட்ட பாதை

நடுங்கும் மேலறையை நேராகவே குணப்படுத்தும் ரண சிகிச்சை 1987-ல் வந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காக்ஸ் அதைச் செய்தார். மேலறையில் மின்னோட்டம் வழி தவறிச் சுற்றிச் சுற்றி வருவதால்தான் நடுக்கம் உண்டாகிறது. ஆகவே அவர் மேலறையின் சுவரைப் பல இடங்களில் வெட்டித் தைத்தார். ஆறிய தழும்புகளைத் தாண்டி மின்னோட்டம் போகாது. திறந்திருக்கும் ஒரே பாதையில்தான் அது போயாக வேண்டும். ரத்தம் உறையும் மேலறைப் பையையும் அவர் நீக்கினார்.

புதிர்ப் பாதை போன்ற இந்த அமைப்பால், அதற்கு மேஸ் சிகிச்சை என்று பெயர் வந்தது. இப்போது கத்திக்குப் பதிலாகக் குளிரையோ, மின் அலை தரும் சூட்டையோ கொண்டும் தழும்பு உண்டாக்குகிறார்கள். எல்லா நோயாளிக்கும் இது தேவைப்படாது; பலருக்கு மருந்தே போதும்.

பஞ்சாலை ஊரில் ஒரு பெண் மாண்டாள். அவளைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற ஏக்கத்தோடு ஒரு டாக்டர் நோயாளிகளின் நாடியைக் காகிதத்தில் வரைந்தார். அந்தக் கோட்டில் ஓர் அலை மறைந்ததை அவர் கவனித்ததால், பின்னால் வந்தவர்களுக்கு வழி தெரிந்தது.