ஆசிரியரை ஒருங்குகூட்டிய ஹொரேஸ் மான்

அமெரிக்க நாட்டு மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில், பிராங்க்ளின் என்னும் சிற்றூரில், 1796-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள், எளிய உழவர் குடியிற் பிறந்தவர் ஹொரேஸ் மான். அரசியலறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினுடைய பெயரைத் தம் ஊருக்கு இட்டுக்கொண்ட அம்மக்கள், ஆலயத்திற்கு ஒரு மணி அளிக்குமாறு அவரை வேண்ட, அவரோ மணிக்குப் பதிலாக 116 நூல்களை அனுப்பிவைத்தார். ஆண்டிற் சில வாரங்களே பள்ளி நடந்த அவ்வூரில், இளைஞர் மானின் அறிவுப் பசியைத் தீர்த்தவை அந்நூல்களே. பின்னர் அவர் 1819-ல் பிரவுன் கலாசாலையிற் பட்டம் பெற்று, வழக்கறிஞராகி, மாகாண மேற்சபைத் தலைவராகவும் உயர்ந்தார். 1832-ல் இளம் மனைவியார் சார்லெட் காலமானது அவர் உள்ளத்தை நெடுநாள் வாட்டியது.

1837-ல் அம்மாகாணத்தார் கல்விக் கழகம் ஒன்று நிறுவினர். வருவாய் மிகுந்த வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, மான் அதன் முதற் காரியதரிசியாயினார். எவரையும் கட்டளையிட அப்பதவிக்கு அதிகாரமில்லை; செய்தி திரட்டலாம், எடுத்துச் சொல்லலாம், அவ்வளவே.

அந்நாளில் ஒவ்வொரு சிற்றெல்லையும் தனக்கு வேண்டிய ஆசிரியரைத் தானே அமர்த்திக்கொண்டது. மாரிக்காலத்தில் கல்லூரி மாணவனோ உழவன் மகனோ இரண்டு மூன்று திங்கள் கற்பிப்பான். கோடையில் மிகக் குறைந்த ஊதியத்திற்கு ஓர் இளம்பெண் வருவாள். அடுத்த ஊர்ப் பள்ளியில் என்ன நடக்கிறதென்பதை ஒருவரும் அறியார். ஒருவர் பட்டறிந்து கண்ட நல்ல முறை அவரோடே போயிற்று.

மான் குதிரையேறி ஊர்தோறும் சென்று கூட்டங்கள் நடத்தினார். 1838-ல் பொதுப்பள்ளிகளுக்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். 1839 ஜூலை 3-ஆம் நாள் லெக்ஸிங்டனில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டபோது வந்தவர் மூவரே.

1843-ல் ஐரோப்பாவிற்குச் சென்று மீண்ட அவர், தம் ஏழாம் அறிக்கையிற் பிரஷிய நாட்டு ஆசிரியரைப் பெரிதும் புகழ்ந்தார். பாஸ்டன் நகர ஆசிரியர் 31 பேர் அதனைத் தமக்கிழைத்த இழிவெனக் கொண்டு, 1844-ல் மறுப்பு நூல் வெளியிட்டனர். மானும் விடவில்லை; மறுப்பிற்கு மறுப்பு, அதற்கும் மறுப்பு என நீண்டது பூசல். அவர்களுட் பலர் ஆண்டுகள் பல உழைத்துத் தேர்ந்தவர். ஆசிரியரை ஒன்றுசேர்க்க முனைந்தவர் இவர்களை முதலிற் கலந்து பேசியிருக்கலாகாதா என்றே எமக்குத் தோன்றுகிறது.

பயிற்சிப் பள்ளிகளோ சிலருக்கே இடந்தந்தன. முன்னமே பணியில் இருப்போர்க்கு வழி யாது? அண்டை மாகாணமாகிய கனெக்டிகட்டில், ஹென்றி பார்னார்டு 1839-லேயே ஹார்ட்போர்டு நகரில் இளம் ஆசிரியரைச் சில வாரங்கள் கூட்டிப் பயிற்றியிருந்தார். ஆகவே இம்முறையை மான் புதிதாகக் கண்டாரெனல் பொருந்தாது. எட்மண்டு டுவைட் என்னும் வணிகர் 1,000 டாலர் ஈய, 1845-ல் பிட்ஸ்பீல்டு, பிட்ச்பர்க், பிரிட்ஜ்வாட்டர், சாத்தம் ஆகிய நான்கு ஊர்களில் ஆசிரியர் கூட்டங்கள் நடைபெற்றன. சுற்றுப்புறப் பள்ளிகளினின்று ஆடவரும் பெண்டிரும் வந்து, வாசிப்பும் கணக்கும் இலக்கணமும் கற்பிக்கும் வகையைக் கேட்டனர். தம்முள் ஒருவர் கண்டதை மற்றவர்க்குக் கூறினர். நாம் ஆலயத்திற் பாடும் ஞானப்பாட்டுகள் சிலவற்றிற்கு இராகம் அமைத்த லோவெல் மேஸனும் இத்தகைய கூட்டங்களில் இசை பயிற்றினார்.

பிட்ஸ்பீல்டு கூட்டத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. மான் அங்குச் சென்றபோது பள்ளி பெருக்கப்படாமற் கிடந்தது. உடன் வந்த மாகாண ஆளுநர் பிரிக்ஸும் அவரும் துடைப்பம் இரவல் வாங்கி, மேலங்கியைக் களைந்து, தாமே பெருக்கி, ஆசிரியர் வருமுன் அறையைச் செம்மைசெய்தனராம். அறிக்கையிற் பாஸ்டன் ஆசிரியரைச் சினமூட்டிய அதே மனிதரை இங்கே காண்பது எமக்குப் பெருமகிழ்ச்சி தருகின்றது.

1848-ல் அப்பதவியை விடுத்து, அமெரிக்கக் காங்கிரஸ் சபை புகுந்து, அடிமை முறை பரவுதலை எதிர்த்தார். 1853-ல் ஓஹையோ மாகாணத்தில், திருமறையிற் காணும் அந்தியோகியாவின் பெயர் பூண்ட கல்லூரிக்கு முதல் தலைவராயினார். ஆண்களும் பெண்களும் அங்கு ஒருங்கே பயின்றனர். பணமுடை அவரை இறுதிவரை விடவில்லை. 1859 ஆகஸ்டு 2-ஆம் நாள் அவ்வூரிலேயே உயிர் நீத்தார். அவர் உடல் பின்னர் பிராவிடன்ஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சார்லெட் அம்மையாரின் அருகே அடக்கம் செய்யப்பட்டது.