போப் கவிஞரின் குகை

போப் என்றவுடன், திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் ஐயரே நம் நினைவுக்கு வருவார். நாம் ஈண்டுக் கூறப் புகுந்தது, அவரினும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட அலெக்ஸாண்டர் போப் என்னும் ஆங்கிலக் கவிஞரைப் பற்றி; அதிலும், அவர் பாட்டைவிட அவர் அமைத்த குகையைப் பற்றி.

1688-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஒரு துணி வணிகரின் மகனாகப் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். அந்நாளைய இங்கிலாந்தில் கத்தோலிக்கருக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டிருந்தது. நிலம் வாங்கும் உரிமை இல்லை. லண்டனுக்கு 10 மைலுக்குள் குடியிருக்கவும் சட்டம் இடங்கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, 12 வயதளவில் க்ஷயரோகம் முதுகெலும்பைப் பற்றியது. கூன் விழுந்தது, உயரம் சுமார் 4½ அடியோடு நின்றது.

ஹோமரின் இலியட் காவியத்தை ஆங்கிலச் செய்யுளாக்கி, 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். முன்பணம் செலுத்தியோரை நம்பி வெளியிட்ட அந்நூல் 5,000 பவுனுக்கு மேல் ஈட்டித் தந்தது. செல்வம் வந்தது, நில உரிமை வரவில்லை. ஆகவே 1719-ல், தேம்ஸ் நதிக்கரையில் ட்விக்கனம் என்னும் ஊரில் ஓர் இல்லத்தைக் குத்தகைக்குப் பெற்று, முதிய அன்னையுடன் குடியேறினார். குடியிருக்கும் குவார்ட்டர்ஸில் ஒரு முருங்கைக் கிளை நடுவதற்கே இருமுறை யோசிக்கும் நமக்கு, அவர் அடுத்துச் செய்தது வியப்பளிக்கும்.

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே பெருஞ்சாலை ஒன்று சென்றது. 1720-ல் அனுமதி பெற்று அதன் அடியில் சுரங்கவழி அமைத்தார். அதனையும் வீட்டின் நிலவறைகளையும் ஒன்றாக்கிக் குகை செய்தார். சுவரெங்கும் கிளிஞ்சல்களும் கண்ணாடித் துண்டுகளும் பதித்தார். வேலையின்போது ஊற்று ஒன்றும் கிட்டியது. இரவும் பகலும் அதன் ஒலி கேட்கும். கதவுகளைச் சாத்திவிட்டாலோ, நதியும் ஓடங்களும் உட்சுவரில் நிழலாய் அசையும்!

1733-ல் அன்னை மறைந்தார். 1739-ல் நீர்ச்சிகிச்சைக்காக பிரிஸ்டல் நகர் சென்றபோது ஏவன் நதியின் செங்குத்துப் பாறைகளைக் கண்டார். அதுமுதல் அவர் உள்ளம் கிளிஞ்சல் அலங்காரத்தை விட்டுக் கற்களை நாடிற்று. சுரங்கத்தினுள் உள்ளபடியே குகையில் அவை தோன்ற வேண்டுமென விரும்பினார். கார்ன்வால் தாதுக்கற்களை வில்லியம் போர்லேஸ் என்ற பாதிரியார் அனுப்பினார். ஸர் ஹான்ஸ் ஸ்லோன் (இவர் சேகரித்த பொருள்களே பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வித்து) அயர்லாந்துக் கடற்கரையின் எரிமலைப் பாறைத் தூண்களிலிருந்து துண்டுகள் அளித்தார். நோய் முற்றிய காலத்திலும் கவிஞர் கல் பதிப்பதை நிறுத்தினாரில்லை. 1744 மே 30-ல் காலமானார்.

கவிஞர் வாழ்ந்த இடத்தைக் காண மக்கள் வந்தவண்ணம் இருந்தனர். பிற்காலத்தில் அம்மனைக்கு உரியவரான ஹோ சீமாட்டி அக்கூட்டத்தைப் பொறாது, 1808-ல் வீட்டையே இடித்துவிட்டார். குகை தங்கியது. இன்று அவ்விடத்தில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. குகைக்கு மேலே, சாலையில் வண்டிகள் ஓடுகின்றன.