மதுவிலக்குக் கண்ட மூதறிஞர்

ஓசூருக்கு அண்மையில், தென்பெண்ணையாற்று நீரைத் தேக்கும் கெலவரப்பள்ளி அணை அமைந்துள்ளது. அதற்குத் தொலைவில்லாத தொரப்பள்ளி என்னும் சிற்றூரில், 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இராஜகோபாலாச்சாரியார் பிறந்தார். இராஜாஜி என்றும், மூதறிஞர் என்றும் நாடு போற்றும் பெருந்தகை அவரே.

சட்டம் பயின்ற இராஜாஜி, சேலத்தில் புகழ்மிக்க வழக்கறிஞராக விளங்கினார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்திற்காக அத்தொழிலைத் துறந்தார். 1925ஆம் ஆண்டு, திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, ஏழை மக்களிடையே வாழ்ந்தார்.

அக்காலத்தில் கள்ளும் சாராயமும் பல குடும்பங்களைச் சீரழித்தன. பகலெல்லாம் பாடுபட்டுப் பெற்ற கூலி, மாலையில் கள்ளுக்கடையில் கரைந்தது. வெறுங்கையுடன் தள்ளாடி வீடு திரும்பியவன், உலையில் இட அரிசியின்றிக் காத்திருந்த மனைவியை ஏசினான்; அடித்தான்; அஞ்சி அழுத குழந்தைகளையும் வருத்தினான். குடித்தவன் ஒருவன், துன்புற்றதோ குடும்பம் முழுவதும்!

இக்கொடுமை நீங்க, மக்களிடையே அறிவு பரவ வேண்டும் என்று இராஜாஜி கருதினார். ஆசிரமத் தொண்டர்கள் கைந்நூற்பினால் ஏழைகளுக்குப் பிழைப்புத் தேடித் தந்ததோடு, மதுவின் தீமைகளையும் எடுத்துரைத்தனர். 1929ஆம் ஆண்டு, மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்னும் திங்களிதழை இராஜாஜி தொடங்கினார். பின்னாளில் கல்கி எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி அவருக்குத் துணைநின்றார். விமோசனம் என்றால் விடுதலை. குடிப்பவன் வெறுத்து ஒதுக்கத்தக்கவன் அல்லன், மீட்கத்தக்கவன் என்பதை அப்பெயரே உணர்த்திற்று.

1937ஆம் ஆண்டு, சென்னை மாகாண ஆட்சிப் பொறுப்பு இராஜாஜியிடம் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள், சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. ஓசூரும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. மதுவினால் வந்த வருவாய் குறையவே, அதனை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியை விதித்தார். குடும்பத்தின் கண்ணீரில் விளையும் பொருள் அரசுக்கு வேண்டுவதன்று என்பது அவர் துணிபு.

ஆயினும், ஓசூருக்கு அப்பால் இருந்த மைசூர் நாட்டில் அச்சட்டம் செல்லாது. எல்லையைக் கடந்து செல்பவனைச் சட்டம் எவ்வளவு தொலைவு தொடர முடியும்? மனத்தில் தோன்றும் அறிவோ, எங்குச் சென்றாலும் உடன்வரும். ஆகவேதான் சட்டத்திற்கு முன்னரே இராஜாஜி மக்களுக்கு அறிவூட்டத் தொடங்கினார்.

1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தமிழ்நாட்டில் தளர்த்தப்பட்டது. தொண்ணூறு வயதைக் கடந்திருந்த இராஜாஜி அதனை எதிர்த்தார். 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார்.

சட்டங்கள் வரும், மாறும். குடியைத் துறக்கும் உறுதியும், வீட்டில் உள்ளோரை அன்புடன் நடத்தும் பண்பும் கல்வியினால் நிலைபெற வேண்டும். அதுவே அம்மூதறிஞர் வாழ்வு நமக்குக் காட்டும் நெறியாகும்.