முடிச்சுப் போடும் கைகளைத் தேடியவர்

திருமண வீட்டில் விருந்தினர்கள் அமர ஜமக்காளம் விரிக்கிறோம். விழா முடிந்ததும் அதைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுகிறோம். அதை நெய்தவர் யார் என்று கேட்பவர் அரிது. அரண்மனையில் விரிக்கப்பட்ட விலையுயர்ந்த கம்பளத்திற்கும் இதே நிலைதான். அதன்மேல் அமர்ந்த அரசரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. மாதக்கணக்கில் குனிந்து அமர்ந்து அதை நெய்தவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. அந்தப் பெயரற்ற மனிதர்களைத் தேடிச் செல்வதையே தம் வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்ட ஒரு பெண்மணி இந்தியாவில் வாழ்ந்தார். அவர்தாம் கமலாதேவி சட்டோபாத்தியாய்.

கமலாதேவி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் மங்களூரில் பிறந்தார். அவருடைய தந்தை அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். கமலாதேவிக்கு ஏழு வயதானபோது தந்தை இறந்தார். அவர் உயில் எழுதி வைக்காததால், அக்காலச் சட்டப்படி சொத்து முழுவதும் அவருடைய முதல் மனைவியின் மகனுக்குச் சென்றது. கமலாதேவியின் தாயாருக்கு எதுவும் கிடைக்கவில்லை. வீட்டுக்காக உழைத்தவருக்கு வீட்டில் உரிமை இல்லை என்பதை அந்தச் சிறுமி அன்றே கண்கூடாகக் கண்டார்.

அவருக்குப் பதினான்கு வயதில் திருமணம் நடந்தது. இரண்டே ஆண்டுகளில் கணவர் இறந்துவிட்டார். அந்நாளில் கைம்பெண்கள் பலர் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தனர். கமலாதேவியோ படிப்பைத் தொடர்ந்தார். சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியில் சேர்ந்தார். அங்குக் கிடைத்த நட்பின் வழியாகக் கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் தம்பி ஹரீந்திரநாத்தை அறிந்து, பின்னர் அவரை மணந்தார். கைம்பெண் மறுமணத்தைப் பலர் கடுமையாக எதிர்த்த காலம் அது. 1926ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்டு, மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றார். பெண்கள் தேர்தலில் நிற்பதே புதுமையாக இருந்த நாட்டில், அந்தத் தோல்வியும் பெரிய செய்திதான்.

1930ஆம் ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பெண்களும் அதில் பங்கேற்க வேண்டும் என்று காந்தியடிகளிடம் வாதாடியவர்களுள் கமலாதேவியும் ஒருவர். பம்பாய்ப் பங்குச் சந்தைக்குள் துணிவுடன் நுழைந்து, தடை செய்யப்பட்ட உப்புப் பொட்டலங்களை விற்றார். அதற்காகச் சிறை சென்றார். அதன் பிறகும் பலமுறை சிறைவாசம் அனுபவித்தார்.

இந்தியா 1947இல் விடுதலை பெற்றது. போராட்டத்தில் முன்னணியில் நின்ற பலர் பதவிகளை ஏற்றனர். கமலாதேவி வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். நாட்டுப் பிரிவினையால் வீடு வாசலை இழந்து டெல்லிக்கு அருகில் குவிந்திருந்த அகதிகளிடம் சென்றார். 1948இல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தை அமைத்தார். ஃபரிதாபாத்தில் அகதிகளுக்கான நகரம் உருவாக அந்த ஒன்றியம் உழைத்தது. நிலம், பொருள், ஊர் அனைத்தையும் இழந்தவரிடமும் ஒன்று எஞ்சியிருக்கும். அது அவருடைய கைத்தொழில். கமலாதேவியின் கவனம் கைவினைஞர்கள் பக்கம் முழுமையாகத் திரும்பியது.

1952ஆம் ஆண்டில் அகில இந்தியக் கைவினை வாரியம் அமைக்கப்பட்டது. அதன் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. மண்பாண்டம், மரச்சிற்பம், பொம்மை, உலோக வேலை என்று எண்ணற்ற கலைகள் அவருடைய பார்வைக்கு வந்தன. அவற்றுள் கம்பளத்தின் கதை தனியாகச் சொல்லத் தக்கது.

கம்பளமும் ஜமக்காளமும் ஒன்றல்ல. ஜமக்காளம் பாவும் ஊடையும் சேர்ந்து தட்டையாக நெய்யப்படுவது. ஈரோட்டுக்கு அருகிலுள்ள பவானி அதற்குப் பெயர் பெற்றது. கம்பளத்திலோ முடிச்சுகள் இருக்கும். தறியில் பாவு நூல்கள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கும். நெய்பவர் வண்ணக் கம்பளி இழை ஒன்றை எடுத்து, இரண்டு பாவு நூல்களைச் சுற்றி முடிந்து, கத்தியால் நறுக்குவார். பிறகு அடுத்த முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடை நூலைச் செலுத்தி, சீப்பு போன்ற கருவியால் அழுத்தி இறுக்குவார். ஆறடி அகலமும் ஒன்பதடி நீளமும் கொண்ட ஒரு கம்பளத்தில், சதுர அங்குலத்திற்கு 200 முடிச்சுகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒன்றரை மில்லியனுக்கும் மேற்பட்ட முடிச்சுகள் தேவை. ஒரு நாளில் 8,000 முடிச்சுகள் போடும் ஒருவர் அதை முடிக்க ஏறத்தாழ 195 வேலை நாள்கள் ஆகும். இது நடுத்தரக் கம்பளத்தின் கணக்குதான். நுட்பமான கம்பளங்களில் முடிச்சுகள் இன்னும் பல மடங்கு கூடும்.

காஷ்மீரில் இந்த வேலைக்கென ஒரு குறியீட்டு எழுத்தே இருக்கிறது. அதற்குத் 'தாலிம்' என்று பெயர். எந்த வண்ணத்தில் எத்தனை முடிச்சுகள் என்பதை அது சொல்லும். ஒருவர் அதை உரக்கப் படிக்க, தறியில் அமர்ந்திருப்பவர்கள் கேட்டபடியே முடிச்சுப் போடுவார்கள். பூவும் கொடியும் முதலில் தாளில் குறிகளாகவும், பிறகு குரலாகவும், கடைசியில் கம்பளி முடிச்சாகவும் மாறுகின்றன.

பேரரசர் அக்பர் 16ஆம் நூற்றாண்டில் இக்கலைக்கு ஆதரவு அளித்தார். ஆக்ரா, ஃபதேபூர், லாகூர் ஆகிய இடங்களில் சிறந்த கம்பளங்கள் நெய்யப்பட்டதை அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் பதிவு செய்துள்ளார். பின்னர் முகலாயப் பேரரசு தளர்ந்தது; ஆதரவும் குறைந்தது. 1851இல் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் இந்தியக் கம்பளங்கள் ஐரோப்பியரைக் கவர்ந்தன. வாங்குவோர் பெருகினர். அது நன்மையாக முடிந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. விரைவாகவும் மலிவாகவும் வேண்டும் என்று வணிகர்கள் நெருக்கினர். அவுரி, மஞ்சிட்டி, மாதுளந்தோல் முதலியவற்றிலிருந்து காய்ச்சிய சாயங்களின் இடத்தை, எளிதில் மங்கிய இரசாயனச் சாயங்கள் பிடித்துக்கொண்டன. ஆங்கிலேய அரசாங்கம் சிறைச்சாலைகளில் கைதிகளைக் கொண்டு கம்பளம் நெய்தது. கைதிக்குக் கொடுக்கும் கூலி எவ்வளவு இருக்கும்? அந்த விலையோடு வெளியிலிருந்த நெசவாளர் போட்டியிட முடியவில்லை.

கமலாதேவியின் முன் இருந்த சிக்கல் இதுதான். கம்பளம் அழிந்துவிடவில்லை, அது விற்றுக்கொண்டுதான் இருந்தது. ஆனால், வடிவத்தை முடிவு செய்தவர் ஒருவர். விலையை முடிவு செய்தவர் ஒருவர். முடிச்சுப் போட்டவருக்கு இரண்டிலும் பங்கில்லை. அவருக்கு இரக்கம் காட்டினால் மட்டும் போதாது, சந்தை வேண்டும் என்பதில் கமலாதேவி தெளிவாக இருந்தார். டெல்லியிலிருந்த மத்தியக் குடிசைத் தொழில் விற்பனையகத்தை அவருடைய கூட்டுறவு ஒன்றியம் ஏற்று நடத்தியது. தொலைதூரக் கிராமத்தில் செய்யப்பட்ட பொருளுக்குத் தலைநகரில் வாங்குவோர் கிடைத்தனர். வாரியத்தின் சார்பில் வடிவமைப்பு மையங்கள் அமைக்கப்பட்டன. சிறந்த கைவினைஞர்களுக்குத் தேசிய விருது வழங்கும் வழக்கமும் தொடங்கியது. கைவினைஞரின் பெயரை நாடு மேடையில் நின்று உரக்கச் சொன்னது.

இவற்றையெல்லாம் அலுவலக மேசையிலிருந்தே செய்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஊர் ஊராகச் சென்றார், தறிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார், கேட்டு அறிந்தார். அவரைக் கண்டதும் முதிய கைவினைஞர்கள் தம் தலைப்பாகையைக் கழற்றி அவருடைய காலடியில் வைத்து மரியாதை செய்ததாகச் சொல்வதுண்டு.

தாம் கண்டவற்றையும் படித்தவற்றையும் அவர் எழுதி வைத்தார். இந்தியக் கம்பளங்களையும் தரைவிரிப்புகளையும் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1969இல் வெளிவந்தது. அரண்மனைக் கம்பளத்தோடு எளிய வீட்டுத் தரைவிரிப்புக்கும் அந்நூலின் தலைப்பிலேயே இடம் கொடுத்திருக்கிறார். அவரை அறிந்துகொள்ள இதுவே போதும் என்று தோன்றுகிறது. அதற்கு முன்பே, 1964இல், சென்னையில் இந்தியக் கைவினை மன்றம் உருவாவதற்கும் அவர் காரணமாக இருந்தார். 1966இல் ரமோன் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. 1987இல் இந்திய அரசாங்கம் பத்ம விபூஷண் விருது வழங்கியது.

அவர் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார் என்று சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாப்பூர் பகுதிகள் இந்தியாவின் மிகப் பெரிய கம்பள நெசவு வட்டாரமாக வளர்ந்தன. ஏற்றுமதி பெருகப் பெருக, அங்குள்ள தறிகளில் சிறுவர்களும் அமர்த்தப்பட்டனர். பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் அவர்கள் நாள் முழுவதும் முடிச்சுப் போட்டனர். அவருடைய இறுதி ஆண்டுகளில்தான் இந்தக் கொடுமை வெளியுலகில் பரவலாகப் பேசப்பட்டது.

கமலாதேவி 1988ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் மறைந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1994இல், சிறுவர்களின் உழைப்பின்றி நெய்யப்பட்ட கம்பளங்களுக்கு 'ரக்மார்க்' என்னும் முத்திரை அறிமுகமானது. கம்பளத்தின் தரத்தை அறிய விரும்பும் வணிகர் அதைத் திருப்பிப் பார்ப்பார். ஏனென்றால், முடிச்சுகள் பின்புறத்தில்தான் தெரியும். அந்த முத்திரையும் பின்புறத்தில்தான் தைக்கப்பட்டிருந்தது.