உடற்பசியோடு உயிர்ப்பசியும் உணர்ந்த உடையவர்

ஸ்ரீபெரும்பூதூரில் 1017-ஆம் ஆண்டு, சித்திரைத் திருவாதிரையில், ஆசூரி கேசவ சோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருக்குமாரராக அவதரித்தவர் ஸ்ரீ ராமாநுஜர். ஸ்ரீபாஷ்யகாரர் என்று வித்வான்கள் போற்றும் அம்மஹான், எளிய ஜனங்களின் ஆத்ம தாபத்தைத் தீர்த்த வைத்தியருமாவார்.

திருமந்த்ரார்த்தம் பெறவேண்டித் திருவரங்கத்தினின்றும் திருக்கோட்டியூருக்கு அவர் 18 முறை நடந்தார் என்பது குருபரம்பரை வரலாறு. பெற்ற பொருளை வெளியிடலாகாது, மீறினால் நரகம் என்பது ஆசார்ய நியமனம். தாம் ஒருவர் நரகம் புகினும் பலர் உய்வர் என்று துணிந்து, ஆசையுடையோர் அனைவருக்கும் அதனை உபதேசித்தார். சினந்த நம்பியும் அக்கருணையைக் கண்டு உகந்து, எம்பெருமானார் என்று திருநாமம் சாற்றினார்.

உறையூர் மல்லரான வில்லிதாசர், மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் ஈடுபட்டு, வெயிலில் அவளுக்குக் குடை பிடித்து நடந்தார். கண்டோர் நகைத்தனர். உடையவர் நகைக்கவுமில்லை, கடியவுமில்லை. அழகுக்கு ஏங்கும் நெஞ்சம் அது என்றுணர்ந்து, பெரிய பெருமாளின் திருக்கண்களை ஸேவிக்கச் செய்தார். தம்பதிகள் இருவரும் அடியாராயினர். பின்னாளில் காவிரியில் நீராடி மீளுகையில் அவ்வில்லிதாசரின் கரத்தைப் பற்றியே எழுந்தருளினார். குலம் பேசிக் குறை கூறியவர்களுக்கு, குலச் செருக்கென்னும் அழுக்கு அந்த ஸ்பர்சத்தால் நீங்குகிறதென்று விளக்கினார்.

சோழ மன்னனால் இடர் நேர்ந்தபோது ஹொய்ஸள நாட்டுக்கு எழுந்தருளினார். தொண்டனூர்ப் பேரேரி அவரது முயற்சியால் அமைந்ததென்பது அவ்வூர் வழக்கு. நிலத்துக்கு நீர் தந்ததோடு அவர் அமையவில்லை. மேல்கோட்டையில் திருநாராயணன் ஆலயத்தைச் சீர்செய்தார். செல்வப்பிள்ளையை மீட்டுவரத் துணைநின்றவர்கள், தீண்டாதார் என ஒதுக்கப்பட்டிருந்த மக்கள் என்று மரபு கூறும். பொன்னும் நெல்லும் ஈந்து அவர்களை அனுப்பியிருக்கலாம். ஆனால் வாசலில் நிறுத்தப்பட்டவனின் மனக்குறை அதனால் தீருமோ? திருக்குலத்தார் என்று பெயரிட்டு, உத்ஸவத்தில் குறித்த நாட்களில் ஆலயம் புகும் உரிமையை அளித்தார். மற்ற நாட்களிலும் திறவாத கதவு, பின்வந்தோர் முடிக்கவேண்டிய கைங்கர்யமாய் நின்றது.

120 ஆண்டுகள் எழுந்தருளியிருந்து, 1137-இல் திருவரங்கத்தில் பரமபதம் அடைந்தார் என்பர்.

உத்ஸவ காலத்தில் தண்ணீர்ப் பந்தலும் ததீயாராதனமும் நடத்தும் அன்பர்கள் இச்சரிதத்தை நெஞ்சில் கொள்வாராக. இலையில் அன்னமிடும்போது, உண்பவரின் முகத்தையும் ஒரு கணம் நோக்குக. துயரோடு வந்தவரானால் பொறுமையாய்க் கேட்டு, குலம் வினவாமல், ஸன்னிதி வரை கைபிடித்து அழைத்துச் செல்க. எம்பெருமானார் உகக்கும் தொண்டு அதுவே.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.