சூலை தந்த அருள்

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனார்க்கும் மாதினியார்க்கும் பிறந்த மக்கள் இருவர். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். இளையவரே பின்னாளில் திருநாவுக்கரசர் எனவும், அப்பர் எனவும் உலகம் போற்ற நின்றவர். கி. பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்பெரியாரின் சரிதத்தைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்துள்ளார். கதையை நம் மாணவர் யாவரும் அறிவர். ஆயினும் அதனைத் தமக்கையாரின் துயரிலிருந்து நோக்குவோர் சிலரே.

திலகவதியார்க்குப் பன்னிரண்டு வயது நிரம்புங்காலத்தே கலிப்பகையார் என்னும் சேனைத் தலைவர்க்கு மணம் பேசினர். மணம் நிகழுமுன் அவர் அரசன் ஏவலால் வடபுலப் போருக்கு ஏகினார். அதற்கிடையில் தந்தையார் நோயுற்று இறந்தார்; தாயாரும் உடன் மாய்ந்தார். பின்னர்க் கலிப்பகையார் போர்க்களத்தில் பட்ட செய்தியும் வந்தது. தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பி தனித்து நிற்பதைக் கண்டு, அவர் பொருட்டே உயிர் தாங்கினார்.

அத்தம்பியாரோ செல்வ நிலையாமையையும் யாக்கை நிலையாமையையும் கண்டு அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தலும் அமைத்து, மெய்ந்நெறி தேடிச் சமணம் புக்கார். துயருற்ற உள்ளம் தேடிச் சென்ற வழி அது. அதனை இகழ்தல் நமக்கு முறையன்று. பாடலிபுத்திரத்துப் பள்ளியிலே தருமசேனர் என்னும் பெயருடன் அவர் தலைமை பெற்றார். தமக்கையார்க்கு எஞ்சியிருந்த ஓர் உறவும் அகன்றது. அவர் திருவதிகை வீரட்டானம் சேர்ந்து, அலகிடுதலும் மெழுகுதலும் மாலை தொடுத்தலுமாகிய பணிகளிலே ஆறுதல் கண்டார். தம்பியை மீட்டருளுமாறு நாள்தோறும் வேண்டினார். சூலை தந்து ஆட்கொள்வோம் என இறைவன் கனவிலே அருளினான் என்பது புராணம்.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று எண்ணல் வேண்டும். அம்மையார் கேட்டது தம்பியின் மீட்சி. கிடைத்தது அவர் வயிற்றைக் குடையும் நோய். சமணர் தம் மந்திரமும் மயிற்பீலியும் பயன்படவில்லை. ஏவலாளன் வந்து அழைத்தபோது, அம்மையார் அப்பள்ளிக்கு வர மறுத்தார். அன்பு குறைந்தமையால் அன்று. தம்பி தாமே எழுந்து வரவேண்டும் என்பது அவர் உள்ளக்கிடை போலும். தருமசேனரும் பாயும் உறிக் கமண்டலமும் துறந்து, வெண்துகில் உடுத்து, இருளிலே நடந்து வந்து தமக்கையார் அடியில் வீழ்ந்தார். அம்மையார் ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். பொழுது புலருமுன் திருவலகும் சாணமும் தோண்டியும் ஏந்தித் தம்பியைக் கோயிலுள் அழைத்துச் சென்றார். அங்கே பாடிய முதற்பதிகத்தோடு சூலை நீங்கியது. வயிற்று நோயுற்றார் இல்லங்களில் அப்பதிகம் ஓதப்படுதலை நம்மிற் பலர் கேட்டிருப்போம்.

நோய் தீர்ந்தது, துன்பம் தீர்ந்ததில்லை. பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் 7 நாள் அடைத்தான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு பிணித்துக் கடலில் இடுவித்தான். கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறினார். அம்மன்னனும் பின்னர்ச் சைவனாகித் திருவதிகையிலே குணபரவீச்சரம் எடுத்தான். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயராகலின், மன்னன் அவனே என ஆய்வாளர் கொள்வர்.

அதன்பின் உழவாரப் படை அவர் கையை விட்டு நீங்கவில்லை. திருவீழிமிழலையில் வற்கடம் வந்தகாலை, அவர் பெற்ற படிக்காசு வாசியின்றிச் செலவாயிற்று. சம்பந்தர் பெற்றதோ வாசி கொடுத்தே மாறிற்று. கைத்தொண்டின் சிறப்பு இதற்குக் காரணம் எனப் புராணம் கூறும்.

அறுபத்துமூவர் தொகையிலே திலகவதியார் பெயர் இல்லை. அரசர் பிடித்த உழவாரத்தில் அம்மையார் பிடித்த அலகின் வழியையே நாம் காண்கிறோம். திருப்புகலூரில் அவர் முற்றம் செதுக்கியபோது பொன்னும் மணியும் கிடைத்தன. கல்லோடு கல்லாக அவற்றை வாவியில் எறிந்துவிட்டுப் பணியைத் தொடர்ந்தார். அத்தலத்திலேயே, தமது 81ஆம் வயதில், சித்திரைச் சதயத்தன்று இறைவன் திருவடி சேர்ந்தார்.