எட்டயபுரம் வந்த வீணை

தென்காசியிலிருந்து சங்கரன்கோவில், கோவில்பட்டி வழியே கிழக்கே போனால் எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர் என்று உடனே சொல்வீர்கள். முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் அங்கேதான் இருக்கிறது.

1775இல் திருவாரூரில் பிறந்தவர் இவர். இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் வசித்தபோது ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் பாட்டு எழுதினார். அவற்றுக்கு நோட்டுஸ்வரம் என்று பெயர். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அதில் உண்டு! எல்லாம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள்; துள்ளி ஓடும்.

பிறகு ஒரு யோகியுடன் காசிக்குப் போய்ச் சில ஆண்டுகள் தங்கினார். தீட்சிதர் வீணை வாசிப்பவர். தந்தியை மீட்டிவிட்டு விரலால் பக்கவாட்டில் இழுத்தால், ஒரே ஸ்வரம் குழைந்து நீளும். அதற்கு அவகாசம் வேண்டும் அல்லவா? அதனால் அவரது கீர்த்தனைகள் பெரும்பாலும் விளம்ப காலம், அதாவது மெதுவான நடை. முடியும் இடத்தில் மட்டும் சொற்கள் இருமடங்கு வேகம் பிடிக்கும். மலைமேல் நிதானமாக வந்த தண்ணீர் குற்றாலத்தில் விழுகிறதே, அதுபோல! அவசரக்காரர்களுக்கு முதலில் அலுப்பாக இருக்கும். கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள்.

தம்பி பாலுசாமி, வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடி. எட்டயபுரம் சமஸ்தான வித்துவான். அவரைப் பார்க்கப் போகும் வழியில், வெடித்துக் கிடந்த நிலத்தைக் கண்டு தீட்சிதர் அமிர்தவர்ஷினி ராகத்தில் உருகிப் பாடினாராம்; மழை கொட்டியதாம். மழைக்கு ஏங்கியவர்கள் கட்டிய கதையாகவும் இருக்கலாம்.

1835 தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் காலமானார். தம்பியின் வம்சத்தில் வந்த சுப்பராம தீட்சிதர், 1904இல் அந்த ஊரிலேயே அவரது பாடல்களை ஸ்வரத்தோடு அச்சிட்டார். இல்லாவிட்டால் பல பாடல்கள் மறைந்தே போயிருக்கும்.